காத்திருக்கும் நேரத்துக்கு யார் கணக்கு வைப்பது?

தமிழ்நாட்டில் பேருந்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது டிக்கெட் விலையில் தொடங்கிப் போக்குவரத்துக் கழகங்களின் நட்டத்தில் போய் முடிகிறது. சட்டமன்றத்திலும் அப்படித்தான், டீக்கடையிலும் அப்படித்தான். ஆனால் நிறுத்தத்தில் பையும் கையுமாக நிற்பவரின் முதல் கேள்வி வேறு: அடுத்த வண்டி எப்போது? பத்து நிமிடத்தில் வந்துவிடுமா, ஒரு மணி நேரம் ஆகுமா, இன்றைக்கு அந்த டிரிப் உண்டா, கட்டா? ஒரு பெண் டவுனில் எந்தக் கடையில் வேலைக்குச் சேரலாம், ஒரு மாணவர் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், ஒரு முதியவர் மாவட்ட மருத்துவமனைக்குப் போய்விட்டு அன்றைக்கே வீடு திரும்ப முடியுமா என்பதையெல்லாம் இந்தக் கேள்விக்கான பதில்தான் தீர்மானிக்கிறது. கட்டணத்தைக் குறைப்பதும், புதுப் பேருந்து வாங்குவதும், மெட்ரோ கட்டுவதும் தேவையான வேலைகள். அவை எல்லாவற்றுக்கும் முன்னால் அரசு செய்ய வேண்டியது, பயணி காத்திருக்கும் நேரத்தை அளப்பது, அதைக் குறைப்பது, குறைத்த அளவை வாக்குறுதியாகக் கொடுத்து அதற்குப் பதில் சொல்வது. இதைச் செய்யாத வரை மற்ற செலவெல்லாம் பாதிப் பலனைத்தான் தரும் என்பதே என் வாதம்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு வெறுங்கையோடு நிற்கும் மாநிலமும் இல்லை. 1972-ல் மு.கருணாநிதி தலைமையிலான அரசு பேருந்துகளை நாட்டுடைமையாக்கும் வேலையில் இறங்கியபோது, சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று கழகங்கள் உருவாயின. 1997-ல் தென்மாவட்டச் சாதி மோதல்களை அடுத்து அந்தப் பெயர்கள் எல்லாம் எடுக்கப்பட்டு ஊர்ப் பெயர்கள் வந்தன. இன்று எட்டுக் கழகங்கள், ஏறத்தாழ இருபதாயிரம் பேருந்துகள். மத்தியப் பிரதேசம் தன் அரசுப் போக்குவரத்துக் கழகத்தையே மூடிவிட்டது. இன்னும் பல மாநிலங்களில் மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் ஜீப்பிலும் டெம்போவிலும் தொற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இங்கே மலையடிவாரத்துக் கடைசி ஊருக்கும் ஒரு டவுன் பஸ் போய்த் திரும்புகிறது. பெண் கல்வியும் கிராமத்துப் பிள்ளைகளின் உயர்கல்வியும் இந்த மாநிலத்தில் வளர்ந்ததில் அந்த டவுன் பஸ்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. ஐம்பது ஆண்டுகளாக எழுப்பிய இந்த அமைப்பின் மீது அக்கறை இருப்பதால்தான் அதன் ஓட்டையைப் பேச வேண்டியிருக்கிறது. ஊருக்கு வண்டி போகிறதா என்று நாம் கேட்டுக் கேட்டு, போகிறது என்ற பதிலோடு நின்றுவிட்டோம். எத்தனை நடை போகிறது, சொன்ன நேரத்துக்குப் போகிறதா என்ற கேள்விகளைப் போதிய அழுத்தத்தோடு கேட்கவில்லை.

காத்திருப்பின் கணக்கு எளிதானது. ஆனால் அது பேருந்துகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் தெரியாது. ஒரு தடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி சீராக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்பார். அதே எண்ணிக்கை வண்டிகள் நெரிசலில் மாட்டி இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு வந்தால், இருபது நிமிடத்துக்கு ஒரு ஜோடி என்றாகிவிடும். சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடமாகிறது. முன்னால் வரும் வண்டியில் படிக்கட்டு வரை கூட்டம், பின்னாலேயே வரும் வண்டியில் பாதி இருக்கை காலி. டிப்போவின் ஏட்டில் இரண்டு நாளும் ஒன்றுதான்: இத்தனை நடை, இத்தனை கிலோமீட்டர், இத்தனை லிட்டர் டீசல். நிறுத்தத்தில் நின்றவருக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும். மணிக்கு ஒரு வண்டி வரும் ஊரில் ஒரே ஒரு டிரிப் கட்டானால் காத்திருப்பு இரண்டு மணி நேரம் வரை நீளும். நகரத்தில் இரண்டு பேருந்து மாறிப் போகிறவருக்கு இந்தக் காத்திருப்பு இரு மடங்கு. நிச்சயமின்மைக்கும் ஒரு விலை உண்டு. வண்டி எப்போது வரும் என்று தெரியாதவர் வேலைக்குத் தாமதமாகக் கூடாதே என்று அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்புகிறார். அன்றைக்கு வண்டி சரியாக வந்தாலும் அந்த அரை மணி நேரம் போனது போனதுதான்.

நகரத்துக்கும் கிராமத்துக்கும் மருந்து ஒன்றல்ல என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நகரத்தில் நேரப் பட்டியல் பார்த்து யாரும் கிளம்ப மாட்டார்கள். அங்கே வேண்டியது அடுத்தடுத்து வண்டி வருவதும், வருகிற வண்டிகள் சீரான இடைவெளியில் வருவதும். கிராமத்தில் நாளுக்கு ஐந்தாறு நடைதான் சாத்தியம் என்றால், அந்த ஐந்தாறும் சொன்ன நிமிடத்தில் வந்தாக வேண்டும். நாட்டுடைமைக்கு முன்பு ஓடிய டி.வி.எஸ். நிறுவனத்தின் பேருந்து வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று மதுரைப் பக்கம் பெரியவர்கள் சொல்வது உண்டு. அதில் எவ்வளவு மிகை இருந்தாலும், பயணி எதை மதிக்கிறார் என்பதற்கு அந்தப் பேச்சே சாட்சி. வண்டியின் நிறத்தையும் இருக்கையின் மெத்தையையும் மறந்துவிட்ட ஊர், நேரத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது.

நாளுக்கு ஐந்து நடை வண்டி வரும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். நிழற்குடைச் சுவரில் பெயின்டில் எழுதியிருக்கும் நேரம் 6.10, 8.25, 12.40, 4.15, 8.05 என்று இருக்கும். இரவு 8.05-க்கு வருவது ஹால்ட் வண்டி. ஊரிலேயே தங்கி மறுநாள் 6.10-க்குப் புறப்படும். அந்த விடியற்கால வண்டியில் பூக்கூடையும் கீரைக்கட்டும் உழவர் சந்தைக்குப் போகின்றன. மில் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் போகிறார்கள். 8.25 பள்ளிக்கூட வண்டி. பள்ளி விடுவது 4.20-க்கு என்றால், 4.15 வண்டி ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்தது 8.05. இடையில் பக்கத்து ஊர் வரை போகும் ஏதோ ஒரு வண்டியின் படியில் தொங்கி, இறங்கி, மூன்று கிலோமீட்டர் நடக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் இலவச பாஸ் அவர்கள் கழுத்தில்தான் தொங்குகிறது. படிக்கட்டில் தொங்கும் மாணவர்களைப் பற்றி ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒழுக்கப் பாடம் எடுக்கிறோம். அதே பேருந்து இருபது நிமிட இடைவெளியில் இன்னொரு நடை வந்தால் அந்தப் பாடத்துக்கான தேவை பெருமளவு குறைந்துவிடும். ஹால்ட் வண்டி நின்றுபோவதற்கும் சின்னக் காரணங்களே போதும்: ஓட்டுநரும் நடத்துநரும் இரவு படுக்கவும் காலையில் குளிக்கவும் ஊரில் ஒரு நல்ல அறை இருக்காது, வண்டிக்குள்ளேயே கொசுக்கடியில் படுத்து எழுந்து மறுநாள் முழுக்க ஓட்ட வேண்டும். ஓர் அறை இல்லாததால் இரவு வண்டி போய்விட்டால், விடியற்கால வண்டியும் அதோடு போய்விடும்; சந்தைக்குப் போகும் கூடைகள் தனியார் வேனுக்கு வாடகை கொடுக்க வேண்டியதுதான்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பின்னர் விடியல் பயணம் என்று பெயர் பெற்ற இந்தத் திட்டம் சமீப காலத்தில் இந்த மாநிலம் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. நாளுக்கு ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் இதன் கீழ் நடக்கின்றன. இதில் பயணம் செய்யும் பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதை விளக்கத் தேவையில்லை. இந்தத் திட்டத்தை எதிர்ப்பவர்கள் இரண்டு குறை சொல்கிறார்கள்: கூட்டம் தாங்கவில்லை, காசு கொடுத்து வரும் ஆண் பயணிகள் ஓடிப்போகிறார்கள். கூட்டம் உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது? இத்தனை காலம் டிக்கெட் காசுக்காக நடந்தவர்களும், போகவே போகாமல் வீட்டோடு இருந்தவர்களும் இப்போது வண்டி ஏறுகிறார்கள். இவ்வளவு தேவை மறைந்து கிடந்தது என்பதைத் திட்டம் வெளியே காட்டியிருக்கிறது. அதற்கு ஈடாக நடைகளைக் கூட்டுவதே முறையான பதில். சலுகையைப் பறிப்பது அந்தப் பெண்களை மீண்டும் வீட்டுக்குள் அனுப்புவது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிக்கெட் இல்லாத சாதாரண வண்டிக்காக ஒரு பெண் நாற்பது நிமிடம் நிற்கும்போது, முன்னால் டீலக்ஸ் இரண்டு போய்விடுகின்றன. அவருக்கு டிக்கெட் விலை சுழியம். ஆனால் கட்டணத்தை அவர் நேரமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் சமைத்து வைத்துவிட்டு வந்து, திரும்பிப் போய் மறுபடி சமைக்க வேண்டிய ஒருவரின் நாற்பது நிமிடம் அது.

மக்கள் நேரத்துக்கு என்ன விலை வைக்கிறார்கள் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம்; சென்னையின் ஷேர் ஆட்டோக்களைப் பார்த்தால் போதும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, மொத்தமாக வாடகைக்குப் பேசும் வண்டியையும், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி வழியில் ஏற்றி இறக்கும் வண்டியையும் தனித்தனி அனுமதிக்குள் வைத்திருக்கிறது. முதல் வகை அனுமதியோடு இரண்டாம் வகை வேலையைச் செய்வதால் ஷேர் ஆட்டோக்கள் எப்போதும் சட்டத்தின் விளிம்பில் ஓடுகின்றன. நெருக்கியடித்து உட்கார வேண்டும், பாதுகாப்பு குறைவு, பேருந்தைவிடக் காசு அதிகம். அப்படியும் பேருந்து நிறுத்தத்துக்குப் பத்தடி தள்ளி நின்று அவை நிரம்பிக்கொண்டே இருக்கின்றன. டிக்கெட்டே இல்லாமல் போகக்கூடிய பெண்களும் பத்து, இருபது ரூபாய் கொடுத்து ஏறுகிறார்கள். அந்தப் பணம் வசதிக்காகக் கொடுப்பது இல்லை. கைக்காசு குறைவாக உள்ளவர்களே ஷேர் ஆட்டோவின் பெரும்பகுதிப் பயணிகள். நிற்க முடியாததால் கொடுக்கிறார்கள்.

காத்திருப்பிலிருந்து தப்பிக்க இன்னும் பெரிய விலை கொடுப்பவர்கள் இரு சக்கர வண்டி வாங்குகிறவர்கள். தமிழ்நாட்டில் பதிவான வண்டிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இரு சக்கர வண்டிகள்தான். இதை வளர்ச்சியின் அடையாளம் என்று மட்டும் பார்ப்பது தவறு. பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் சம்பளக்காரர் ஒருவர் மாதத் தவணையும், லிட்டர் நூறு ரூபாய்ப் பெட்ரோலும் கட்டுகிறார் என்றால், ஷிப்டு முடியும் நேரத்தில் ஊருக்கு வண்டி இல்லை என்பது பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருக்கும். அந்த விலை பணத்தோடு முடிவதும் இல்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அதே ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம். தலைக்கவசம், குடிபோதை, வேகம் என்று காரணங்களை அடுக்குகிறோம், எல்லாம் சரியானவை. இரவு பத்து மணிக்கு ஒரு பேருந்து இருந்திருந்தால் அந்த வண்டி சாலைக்கே வந்திருக்காது என்ற காரணத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு ஒரு வண்டிதான் இருக்கும் என்றால் அதை எடுத்துக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் ஆண். பேருந்து கைவிட்ட வீட்டில் பெண்ணுக்குக் கிடைப்பது பின் இருக்கை, அதுவும் அந்த ஆண் ஓய்வாக இருக்கும்போது.

நடைகள் ஏன் குறைகின்றன, ஏன் கட்டாகின்றன? ஒரு பேருந்து விடியற்காலையிலிருந்து இரவு பத்து மணி வரை ஓட வேண்டுமானால் இரண்டு ஷிப்டு ஓட்டுநர்கள், இரண்டு ஷிப்டு நடத்துநர்கள், வார ஓய்வுக்கும் விடுப்புக்கும் மாற்று ஆட்கள், இரவில் பழுது பார்க்கத் தொழில்நுட்பப் பணியாளர்கள் வேண்டும். ஓய்வு பெறுகிறவர்களின் இடத்தை வருடக்கணக்கில் நிரப்பாமல் விட்டால், வண்டி நல்ல நிலையில் இருந்தும் ஆள் இல்லாமல் டிப்போவில் நிற்கும். 2024 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அவர்களின் கோரிக்கைகளில் ஓய்வூதியர்களின் அகவிலைப்படியோடு காலிப் பணியிடங்களை நிரப்புவதும் இருந்தது. தொழிலாளியின் அந்தக் கோரிக்கை பயணியின் கோரிக்கையும்கூட என்று யாரும் உரக்கச் சொல்லவில்லை. இரண்டாவது காரணம், பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பது. வசூலைப் பொறுத்து பேட்டா என்ற ஏற்பாட்டில், கூட்டம் நிறைந்த தடமும் கூட்ட நேரமும் எல்லோருக்கும் பிடித்தவையாகின்றன. மதிய நடையும் இரவு நடையும் சுமையாகின்றன. நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டி நிற்காமல் போகிறது என்ற புகார் இலவசப் பயணம் வந்த காலம் தொட்டு எழுகிறது. தனிப்பட்ட ஓட்டுநரைத் திட்டி, தற்காலிகப் பணிநீக்கம் செய்து இதைத் தீர்க்க முடியாது. டிக்கெட்டைப் பார்த்துப் பணம் கொடுப்பதை விட்டுவிட்டு, சொன்ன நேரத்தில் ஓட்டிய நடைக்குப் பணம் என்று மாற்றினால், நிறுத்தத்தில் நிற்பவர் ஆணா பெண்ணா, காசு கொடுப்பவரா இல்லையா என்பது பொருட்டாக இருக்காது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்விக்கு வருவோம். கழகங்கள் ஏற்கெனவே கடனில் இருக்கின்றன. 2018 ஜனவரியில் உயர்த்திய கட்டணத்தைப் பிறகு பல ஆண்டுகள் அரசு தொடவே இல்லை. அந்த இடைவெளியில் டீசலும் சம்பளமும் ஏறிவிட்டன. நட்டம் என்பது பொய்யான பேச்சு இல்லை. ஆனால் பேருந்துக்கு மட்டும்தான் இந்தக் கேள்வியை நாம் கேட்கிறோம். 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். 2024-ஆம் ஆண்டு முழுவதும் மெட்ரோவில் நடந்த பயணங்கள் ஏறத்தாழ பத்தரைக் கோடி, அதாவது நாளுக்கு மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மாநகரப் பேருந்துகளில் நாளுக்கு முப்பது லட்சத்துக்கும் மேல். மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூறு ஆண்டு நிற்கப்போகும் கட்டுமானம் அது, சென்னைக்குத் தேவையானது. ஆனால் பத்து மடங்கு மக்களைச் சுமக்கும் பேருந்துக்குச் சென்னையில் மூவாயிரத்துச் சொச்சம் வண்டிகள்தான். பெங்களூருவின் மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் ஆறாயிரத்துக்கும் மேல் உண்டு. ஒரு மின்சாரப் பேருந்துக்கு இரண்டு கோடி ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் விலையில் 250-க்கும் மேற்பட்ட பேருந்துகள் வாங்கலாம். வாங்குவது எளிது, ஆண்டுதோறும் ஓட்டுவதுதான் செலவு என்று நிதித்துறை சொல்லும். அது நியாயமான பதில். அதனால்தான் இந்தச் செலவை நட்ட ஈடு என்று ஆண்டுக் கடைசியில் கெஞ்சி வாங்கும் தொகையாக இல்லாமல், பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒதுக்குவதுபோல முன்கூட்டியே ஒதுக்கும் தொகையாக ஆக்க வேண்டும் என்கிறேன்.

மானியம் என்றாலே வீண் என்று நினைப்பவர்களுக்குப் பொருளியலிலேயே ஒரு பதில் இருக்கிறது. ஹெர்பர்ட் மோரிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1972-ல் ஒரு கட்டுரையில் காட்டியது இது: ஒரு தடத்தில் பயணிகள் கூடினால் அங்கே நடைகளைக் கூட்டலாம், நடைகள் கூடினால், புதிதாக வந்தவருக்கு மட்டுமன்றி ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த எல்லோருக்கும் காத்திருப்பு குறைகிறது. கார் விஷயத்தில் இது நேர்மாறு. ஒவ்வொரு புதுக் காரும் மற்றவர்களின் பயணத்தை மெதுவாக்குகிறது. எனவே பேருந்துக்கு மானியம் கொடுப்பது பொருளியல்படியே சரியான செலவு. இதே தர்க்கம் தலைகீழாகவும் வேலை செய்யும் என்பதுதான் அச்சம் தருவது. நட்டம் என்று நடைகளைக் குறைத்தால் காத்திருப்பு கூடும், காத்திருக்க முடியாதவர்கள் பைக் வாங்குவார்கள், வசூல் குறையும், மறுபடி நடைகள் குறையும். பல ஊர்களில் இந்தச் சரிவு தொடங்கிப் பல காலம் ஆகிறது.

சாலையில் இடமே இல்லை, இன்னும் பேருந்துகளை விட்டால் அவையும் நெரிசலில் நிற்கத்தானே போகின்றன என்பது அடுத்த ஆட்சேபணை. அறுபது, எழுபது பேரை ஏற்றிய பேருந்து எடுத்துக்கொள்ளும் இடத்தில் இரண்டு மூன்று கார்கள் நிற்கும். அவற்றில் இருப்பது மூன்று நான்கு பேர். ஆட்களைக் கணக்கெடுத்தால் சாலையில் பேருந்துக்கு முன்னுரிமை தருவதே நீதி. 2006-ன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் வண்டிகளைவிட மனிதர்களை நகர்த்துவதே முக்கியம் என்றுதான் சொல்கிறது. பேருந்துக்குத் தனித்தடம் போட்டால் வெற்றி என்று உறுதி கிடையாது: அகமதாபாத் 2009-ல் தொடங்கியது நிலைத்தது, டெல்லி 2008-ல் திறந்ததை 2016-ல் இடித்தது. சென்னைக்கு அவ்வளவு பெரிய கட்டுமானம் முதல் தேவையும் இல்லை. நிறுத்தங்களின் முன்னால் நிற்கும் ஆட்டோவையும் காரையும் அகற்றினால் பேருந்து ஓரமாக வந்து நிற்க முடியும். இப்போது நடு ரோட்டில் நிற்கிறது. முதியவர் சாலையில் இறங்கி, இடையில் நுழையும் பைக்குக்கு ஒதுங்கி, முழங்கால் உயரப் படியில் கால் வைக்க வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தாழ்தளப் பேருந்து வந்தும் பயன் இல்லை, ஏனென்றால் அது நடைமேடையை ஒட்டி வந்து நிற்பதில்லை. நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு பேருந்துப் பயணமும் நடப்பதில் தொடங்கி நடப்பதில்தான் முடிகிறது என்பதால் அந்தக் கொள்கையும் பேருந்துக் கொள்கையின் பகுதியே.

தனியாரிடம் விட்டுவிடலாம் என்பவர்களுக்கு 1997-ல் தொடங்கிய மினி பஸ் திட்டம் பாடம் வைத்திருக்கிறது. பேருந்து போகாத 16 கிலோமீட்டர், போகிற சாலையில் 4 கிலோமீட்டர் என்ற அளவோடு அனுமதி தரப்பட்டது. நல்ல எண்ணம். ஆனால் வருமானம் இருந்தது டவுனை ஒட்டிய அந்த நாலு கிலோமீட்டரில். உரிமையாளரின் கண் அங்கேயே இருந்ததில் வியப்பில்லை. 2025 ஜூனில் வந்த புதிய திட்டம் தூரத்தை 25 கிலோமீட்டராகக் கூட்டி, அதில் 65 விழுக்காடு பேருந்து போகாத பாதையாக இருக்க வேண்டும் என்கிறது. வருமானம் டிக்கெட்டிலிருந்துதான் வர வேண்டும் என்ற அடிப்படை மாறாத வரை, கூட்டம் இல்லாத மதியமும் இரவும் வண்டி ஓடாது. தனியார் வேண்டாம் என்பது இதன் பொருள் இல்லை. 2025-ல் சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளைப்போல, தடத்தையும் நேரத்தையும் அரசு வகுத்து, ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் தந்து, விட்ட நடைக்குத் தண்டம் பிடிக்கும் ஒப்பந்தம் என்றால் வண்டி யாருடையது என்பது பயணிக்குப் பெரிய விஷயம் ஆகாது. ஓட்டுநரின் சம்பளமும் ஓய்வு நேரமும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். களைத்த ஓட்டுநரை வைத்துக் குறைக்கும் செலவு எனக்குச் சேமிப்பாகத் தோன்றவில்லை.

அளப்பது கடினம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. சென்னையில் எந்தப் பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் செயலி 2022-லேயே வந்துவிட்டது. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் தரும் சென்னை ஒன் செயலி 2025 செப்டம்பரில் வந்தது. சென்னையில் இவற்றையெல்லாம் இணைக்க வேண்டிய ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-ல் இயற்றப்பட்டு, அதன் முதல் கூட்டம் 2022-ல்தான் நடந்தது என்ற தாமதத்தையும் மறக்க வேண்டாம். பேருந்தின் இருப்பிடம் நிமிடத்துக்கு நிமிடம் பதிவாகும்போது, ஒவ்வொரு தடத்திலும் திட்டமிட்ட நடை எத்தனை, ஓடியது எத்தனை, இரண்டு வண்டிகளுக்கு இடையே அதிகபட்ச இடைவெளி எவ்வளவு என்பதை மறுநாள் காலையிலேயே வெளியிடலாம். டிப்போ வாசலில் ஒட்டலாம். ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில் வண்டிகளின் வயது, டீசல் சிக்கனம் ஆகியவற்றோடு பயணியின் காத்திருப்பு நேரத்துக்கும் ஒரு பத்தி இருக்க வேண்டும். நகரத்தின் முக்கியத் தடங்களில் காலை ஆறு முதல் இரவு பத்து வரை பத்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி இல்லை என்று ஓர் அரசு சொல்லட்டும். அதை மீறிய நாட்களின் எண்ணிக்கையை எதிர்க்கட்சி கேட்கட்டும். நட்டக் கணக்கைவிடப் பயனுள்ள விவாதமாக அது இருக்கும்.

கிராமத்தில் செயலி மட்டும் போதாது. நேரத்தை வகுக்கும் இடத்தில் ஊரும் இருக்க வேண்டும். கேரளத்தில் 2022-ல் தொடங்கிய கிராம வண்டித் திட்டத்தில் உள்ளாட்சி அமைப்பு எரிபொருள் செலவை ஏற்கிறது; தடமும் நேரமும் அதன் தேவைப்படி அமைகின்றன. நம் ஊராட்சிகளின் நிதிநிலையில் டீசல் செலவை அவற்றின் தலையில் கட்டுவது சரியாக வராது. ஆனால் நேரம் குறித்து ஊரைக் கேட்பதற்குப் பணம் தேவையில்லை. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒரு கூட்டத்துக்குக் கழகத்தின் கிளை மேலாளர் அந்த ஊரின் நேரப் பட்டியலோடும், கடந்த ஆண்டு விட்டுப்போன நடைகளின் கணக்கோடும் வர வேண்டும் என்று ஓர் அரசாணை போடலாம். பள்ளி விடும் நேரம், மில் ஷிப்டு முடியும் நேரம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருக்கும் நேரம் எல்லாம் அந்த ஊருக்குத்தான் தெரியும். ஹால்ட் வண்டி வேண்டுமென்றால் பணியாளர்கள் தங்க ஓர் அறையை ஊராட்சி ஒதுக்கித் தர முடியுமா என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிடலாம். மே 1 கிராம சபையில் இதை வைத்தால், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்குள் 4.15 வண்டியை 4.35-க்கு மாற்ற ஒரு மாத அவகாசம் இருக்கிறது.